பூட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்

மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை

மாண்டிசோரி பள்ளிக்கூடம் என்று பெயர்ப்பலகை தொங்காத பெரிய ஊர் இந்தியாவில் இல்லை. பலகையைப் பார்த்து உள்ளே போய், கட்டணத்தைக் கேட்டதும், இது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள இடம் என்று திரும்பி வருகிறவர்கள் பலர்.

ஆனால் அந்தப் பெயருக்கு உரியவரான மரியா மாண்டிசோரி, தம் முதல் பள்ளிக்கூடத்தை நடத்தியது பணக்காரர்களுக்காக அல்ல. கூலி வேலைக்குப் போய்விட்ட தாய் தகப்பன், பூட்டிக் கிடக்கும் வீடு, மாடிப்படியில் ஓடித் திரியும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அது திறக்கப்பட்டது.

திறந்தவர்களுக்கும் பிள்ளைகள் மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. சுவர் கெட்டுப் போகிறதே என்ற கவலைதான். சுவரைக் காப்பாற்ற வந்த பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் காப்பாற்றிய கதை இது.

பிணத்துடன் தனியாக

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி இத்தாலி நாட்டில் சியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். உப்பு, புகையிலை சம்பந்தப்பட்ட நிதி இலாகாவில் வேலை. மாற்றல் உள்ள உத்தியோகம். தாயார் ரெனில்டே நிறையப் படிக்கும் பழக்கம் உள்ளவர். மரியா ஒரே மகள்.

மரியாவுக்கு 5 வயது ஆனபோது குடும்பம் ரோம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் இத்தாலியில் படித்த பெண்ணுக்கு ஒரே வேலை, ஆசிரியை வேலை. தகப்பனாரும் அதையே விரும்பினார். மகளோ ஆசிரியை வேலை மட்டும் வேண்டாம் என்றார். 13-வது வயதில், பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். என்ஜினீயர் ஆகப் போவதாகச் சொன்னார். பிறகு எண்ணம் மாறியது. டாக்டர் ஆக வேண்டும் என்றார். தகப்பனாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தாயார் மகள் பக்கம் நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் இடம் கிடைத்தது. ஆனால் பிணத்தை அறுத்துப் பார்க்கும் வகுப்பில் ஆண் மாணவர்களுடன் ஒரு பெண் நிற்பது தகாது என்று தடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் போன பிறகு, சாயங்கால வேளையில், பிணங்களுக்கு நடுவே தனியாக நின்று அந்தப் பாடத்தை அவர் படித்தார்.

1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு இத்தாலியின் சார்பில் போனார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று அங்கே பேசினார்.

ரொட்டித் துண்டு

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழக மனநோய் மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்த வேலைக்காக ரோம் நகரின் மனநோய் விடுதிகளுக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது.

மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் அந்த விடுதிகளில்தான் போட்டு வைத்திருந்தார்கள். ஓர் அறை. நான்கு சுவர். வேறு எதுவும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து சிதறிய ரொட்டித் துண்டுகளைப் பொறுக்குவார்கள். பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு அது அருவருப்பாக இருந்தது. பெருந்தீனிக்காரப் பிள்ளைகள் என்று ஏசினாள்.

டாக்டர் மாண்டிசோரி அதைக் கவனித்துப் பார்த்தார். குழந்தைகள் துண்டுகளை உடனே வாயில் போடவில்லை. உருட்டினார்கள், நசுக்கினார்கள், தடவிப் பார்த்தார்கள். அந்த அறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறு ஒரு பொருளும் இல்லை. பசி வயிற்றில் அல்ல, கையில் இருந்தது.

இதார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி முன்பே எழுதியிருந்தார்கள். அந்தப் புத்தகங்களை அவர் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் எழுதி எடுத்துப் படித்தார். 1900-ம் ஆண்டு அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ரோமில் ஒரு பள்ளி ஏற்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு அவருக்கும் டாக்டர் ஜுசெப்பே மொன்டெசானோவுக்கும் வந்தது. இரண்டு ஆண்டுகள் காலை முதல் இரவு வரை அங்கேயே இருந்தார்.

எதற்கும் உதவாதவர்கள் என்று தள்ளப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர், மற்றப் பள்ளிப் பிள்ளைகளுடன் அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. டாக்டருக்கு மட்டும் வேறு ஒரு யோசனை. குறையுள்ள குழந்தைகளே தேறும்போது, குறை இல்லாத குழந்தைகள் இத்தனை மட்டமாக இருக்கிறார்களே, பள்ளிக்கூடத்தில் அவர்களை என்ன செய்கிறார்கள் என்று யோசித்தார்.

சொல்ல முடியாத துக்கம்

இதற்கு நடுவில் அவர் வாழ்க்கையில் ஒரு சம்பவம் நடந்தது. வெகுகாலம் அது வெளியே தெரியாது.

டாக்டர் மொன்டெசானோவுக்கும் அவருக்கும் காதல் ஏற்பட்டது. 1898-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ. கல்யாணம் நடக்கவில்லை. பிறகு மொன்டெசானோ வேறு பெண்ணை மணந்துகொண்டார்.

கல்யாணம் ஆகாமல் குழந்தை பெற்றவள் என்று தெரிந்தால் டாக்டர் வேலை, பேர், படிப்பு எல்லாம் அன்றே போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். பெற்றவர் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார். தாம் யார் என்று சொல்லவில்லை.

ஊரார் பிள்ளைகளைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னவர், தம் பிள்ளையைத் தாமே வளர்க்கவில்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. சொல்வது சுலபம். பிழைப்புக்காகக் குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டு வந்த தாய்மார்கள் அந்தத் துக்கத்தின் கனத்தை அறிவார்கள்.

சான் லோரென்சோ

ரோம் நகரில் ரெயில் பாதைக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கும் பக்கத்தில் சான் லோரென்சோ என்று ஒரு பகுதி. லாபத்துக்காக அங்கே அவசரமாகக் கட்டிடங்கள் எழுப்பினார்கள். நடுவில் பணம் முடங்கியது. பாதி கட்டிய வீடுகள் அப்படியே நின்றன. வேலை தேடி வந்தவர்களும் போக்கிடம் இல்லாதவர்களும் அவற்றில் குடியேறினார்கள். ஓர் அறையில் பல குடும்பம். தண்ணீர் வசதி, வெளிச்சம் ஒன்றும் இல்லை. திருட்டும் அடிதடியும் சாதாரணம்.

ஒரு கட்டிடக் கம்பெனி அந்தக் கட்டிடங்களை வாங்கிச் செப்பனிட்டது. எடுவார்டோ தாலமோ என்பவர் அதன் தலைவர். கௌரவமான தொழிலாளர் குடும்பங்களைப் பார்த்துக் குடிவைத்தார்கள். புருஷன், மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். பள்ளிக்கூட வயது வராத சின்னதுகள் என்ன செய்யும்? படிக்கட்டில் ஓடின. புதிதாக வெள்ளை அடித்த சுவரில் கிறுக்கின. கையில் அகப்பட்டதை உடைத்தன.

காவலுக்கு ஆள் வைத்துப் பிள்ளைகளை விரட்டியிருக்கலாம். தாலமோவுக்கு வேறு ஒரு கணக்குத் தோன்றியது. சுவரைப் பழுது பார்க்கிற செலவில் ஓர் அறையையும் ஓர் ஆசிரியையையும் கொடுத்துப் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்துவிட்டால் இரண்டும் சரியாகிவிடும். அதை நடத்தித் தரும்படி டாக்டர் மாண்டிசோரியைக் கேட்டார்.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந்தேதி, மார்சி தெரு, 58-ம் எண் கட்டிடத்தில் பள்ளி திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்று அதற்குப் பெயர். 50 குழந்தைகளுக்கு மேல் வந்தார்கள். எல்லோரும் பள்ளி வயதுக்கு வராதவர்கள். அழுதுகொண்டும், பயந்து ஒட்டிக்கொண்டும் வந்தார்கள். பேசச் சொன்னால் பேசமாட்டார்கள்.

கட்டணம் இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடுப்புடன் அனுப்ப வேண்டும். தாய் வாரத்துக்கு ஒரு முறையாவது வந்து ஆசிரியையிடம் பேச வேண்டும். ஆசிரியை அந்தக் கட்டிடத்திலேயே குடியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றிலும் பெரியது. பாடம் நடத்திவிட்டு மணி அடித்ததும் வேறு பேட்டைக்குப் போய்விடுகிறவர் அல்ல. ராத்திரியும் அதே படிக்கட்டில் ஏறுகிறவர்.

அந்த ஆசிரியை பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. அதுவே நல்லதாகப் போயிற்று. பழைய பள்ளிக்கூட வழக்கம் எதையும் அவர் தம்மோடு கொண்டு வரவில்லை.

பெஞ்சியும் பிரம்பும்

அன்றைய இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சியைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். பிள்ளை அசையக்கூடாது. அசைந்தால் தண்டனை. அசையாமல் இருந்தால் பரிசு. மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து பிள்ளைகளின் முதுகெலும்பு வளைந்தது. அதைத் தடுக்க விஞ்ஞான முறைப்படி புதுவிதப் பெஞ்சி செய்தார்கள். டாக்டராகிய மாண்டிசோரிக்கு இது விசித்திரமாகப் பட்டது. பிள்ளையை எழுந்து நடக்கவிட்டால் முதுகு ஏன் வளைகிறது?

அவர் பெஞ்சியை எடுத்தார். குழந்தையே தூக்கக்கூடிய சின்ன மேஜை, சின்ன நாற்காலி செய்தார். இடித்தால் விழும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். விழட்டும் என்பதே அவர் எண்ணம். தரையோடு பிணைத்த பெஞ்சியை இடிக்கிற பிள்ளைக்குத் தான் இடித்ததே தெரியாது. சின்ன நாற்காலி சத்தத்தோடு விழும். அடுத்த தடவை பிள்ளை தானாகப் பார்த்து நடக்கும்.

பாத்திரமும் அப்படித்தான். உடையாத தகரத்தைக் கொடுத்தால் போட்டு எறியத்தான் கை பழகும். பீங்கானும் கண்ணாடியும் கொடுத்தார்கள். 4 வயதுப் பிள்ளை ஐந்து கண்ணாடி டம்ளரைத் தட்டில் வைத்துத் தூக்கி வந்தது. சூடான சூப்புப் பாத்திரத்தை மேஜைக்கு மேஜை கொண்டுபோய்ப் பரிமாறியது. பார்க்க வந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே இருந்த ஆசிரியைக்குப் பதற்றம் இல்லை. பல நாள் பழக்கிய கை அது என்று அவருக்குத் தெரியும்.

ஆபத்தான பொருளைப் பூட்டி வைத்துக் காப்பது ஒரு வழி. அதைக் கையாளக் கற்றுக் கொடுத்துக் காப்பது இன்னொரு வழி. அம்மையார் இரண்டாவது வழியைப் பிடித்தார். பொத்தான் போடுவது, கயிறு முடிவது, தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது எல்லாம் அங்கே பாடம். ஆசிரியை நிதானமாக ஒரு தடவை செய்து காட்டுவார். பேச்சு அதிகம் இருக்காது. பிறகு பிள்ளை செய்யும்.

ஒரு நாள் மூக்குச் சிந்தும் பாடம். கைக்குட்டையை எப்படி மடித்து, சத்தம் போடாமல் எப்படிச் சிந்துவது என்று அம்மையார் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள். அம்மையாருக்கு ஆச்சரியம். பிறகுதான் புரிந்தது. ஒழுகும் மூக்குக்காக அந்தப் பிள்ளைகளை எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். இப்படிச் சிந்து என்று மரியாதையோடு ஒருவரும் சொல்லிக் கொடுத்தது இல்லை.

ஒரு சிறுமி, வயது 3 இருக்கும். கட்டையில் உள்ள குழிகளில் அளவு பார்த்து மர உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அம்மையார் மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடவும் ஓடவும் செய்தார். நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பப் பொருத்தினாள். பிறகு தூங்கி எழுந்தவள் போல் தெளிந்த முகத்தோடு நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு மனம் ஒரு இடத்தில் நிற்காது என்று அதுவரை எல்லோரும் சொல்லிவந்தார்கள். நிற்கும்படியான வேலை எதையும் கொடுத்துப் பார்க்காமல் சொன்ன பேச்சு அது.

இன்னொரு நாள் ஆசிரியை தாமதமாக வந்தார். சாமான் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். பிள்ளைகள் தாங்களாகவே வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். திருட்டு என்று ஆசிரியை நினைத்தார். அம்மையார் அப்படி நினைக்கவில்லை. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டார். அன்றிலிருந்து பூட்டிய அலமாரி போயிற்று. பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வந்தது.

முரட்டுப் பிள்ளை

அப்படியானால் பிள்ளைகளை இஷ்டம்போல் விட்டுவிட்டாரா? இல்லை. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு, மாண்டிசோரி என்றால் கட்டுப்பாடு இல்லாத பள்ளி என்கிறார்கள்.

மற்றவரை அடிப்பது, தொந்தரவு செய்வது, முரட்டுத்தனமாக நடப்பது எதுவோ, அதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. இதில் தயவு கிடையாது. மற்றபடி பிள்ளை நடக்கலாம், பேசலாம், வேலையை மாற்றலாம்.

திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யும் பிள்ளையை முதலில் உடம்புக்கு ஏதாவது குறையா என்று டாக்டர் என்ற முறையில் பரிசோதிப்பார். பிறகு ஒரு மூலையில் சின்ன மேஜை போட்டு, வசதியான நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மற்றவர்கள் வேலை செய்வது அங்கிருந்து தெரியும். விளையாட்டுச் சாமானும் கொடுப்பார்கள். ஆசிரியை அடிக்கடி வந்து, உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அன்பாகப் பார்த்துவிட்டுப் போவார். அடி இல்லை, வசவு இல்லை, முட்டி போடுவது இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை தானாக எழுந்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளும். பிரம்பை நம்புகிறவர்களுக்கு இது கட்டுக்கதை போல் இருக்கும். சான் லோரென்சோவில் பிரம்பு வேண்டியிருக்கவில்லை.

மௌனப் பாடம் ஒன்றும் உண்டு. சத்தம் போடாதே என்று அதட்டி வருகிற மௌனம் அல்ல. கால், கை, மூச்சு எல்லாவற்றையும் தாமே அடக்கி, சுவர்க் கடிகாரத்தின் ஓசையைக் கேட்பது. பிறகு அடுத்த அறையிலிருந்து அம்மையார் ஒவ்வொரு பெயராக மிக மெல்லிய குரலில் கூப்பிடுவார். பெயர் கேட்ட பிள்ளை நாற்காலி மேல் படாமல் நடந்து போகும். 40 பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளாமல், இடிக்காமல் ஓர் அறையை விட்டு வெளியேறுவார்கள். பள்ளிக்கூடங்களில் நெருக்கடி நேரத்தில் வாசலில் விழுந்து மிதிபட்ட பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், இது வெறும் விளையாட்டுப் பாடம் இல்லை என்பது விளங்கும்.

சுவர் என்ன ஆயிற்று? எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் சிலர் வந்து, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவச் செய்தார் அம்மையார். சில மாதம் கழித்து ஒரு நாள் மொட்டை மாடியில், ஒரு பையன் சாக்குக் கட்டியால் புகைபோக்கியைப் படம் போட்டான். போட்டவன் அப்படியே எழுதவும் தொடங்கிவிட்டான். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவன் போட்ட கூச்சலில் மற்றவர்களும் ஓடி வந்து எழுதினார்கள். கதவில், சுவரில், வீட்டு ரொட்டியின் மேலே கூட எழுதினார்கள். கம்பெனியார் கவலைப்பட்ட சுவரில் மறுபடி கிறுக்கல். ஆனால் இந்தத் தடவை அது எழுத்து.

ஒரு வியாழக்கிழமை வெளிநாட்டுத் தூதர் ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். முன்னறிவிப்பு இல்லை. அன்று விடுமுறை. ஆசிரியை இல்லை. முற்றத்தில் நின்ற பிள்ளைகள், சாவி வாயில் காவலரிடம் இருக்கிறது என்று சொல்லி வாங்கித் திறந்தார்கள். உள்ளே போய் அவரவர் வேலையைச் செய்தார்கள். பெரியவர் ஒருவர் கண்காணிக்காமலேயே வகுப்பு நடந்தது. இதை அம்மையாரே பிறகு எழுதியிருக்கிறார்.

பூகம்பத்துப் பிள்ளைகள்

1908-ம் ஆண்டு டிசம்பர் 28-ந்தேதி மெசினா நகரில் பூகம்பம். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இடிபாடுகளில் தனியாக அகப்பட்ட குழந்தைகளில் 60 பேர் வரை ரோமில் கன்னிமார் மடம் ஒன்றுக்கு வந்தார்கள். தங்கள் பெயரைக் கூடச் சொல்லத் தெரியாத வயது. சாப்பிடவில்லை. ராத்திரி முழுவதும் கூச்சலிட்டு அழுதார்கள்.

அந்த மடத்தில் அம்மையாரின் முறைப்படி ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார்கள். அழாதே என்று யாரும் சொல்லவில்லை. சின்ன மேஜை, பூப்போட்ட விரிப்பு, குவளையில் பூ, செய்வதற்கு வேலை. மேஜை போடவும் பரிமாறவும் பழக்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பசி வந்தது. தூக்கம் வந்தது. தோட்டத்தில் ஓட ஆரம்பித்தார்கள்.

சான் லோரென்சோவில் கண்டதைவிடப் பெரிய பரீட்சை இது. இடிந்த வீட்டிலிருந்து வந்த குழந்தைக்கு, நான்கு சுவரும் கூரையும் இருந்தால் மட்டும் பயம் போகாது. தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில், தன் கையால் செய்யும் ஒரு வேலை வேண்டியிருந்தது.

புகழும் ஒரு கறையும்

பிறகு புகழ் வேகமாக வந்தது. மிலான் நகரில் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் இல்லம் 1908-ல் திறக்கப்பட்டது. 1909-ல் அவருடைய புத்தகம் வெளிவந்து பல மொழிகளுக்குப் போயிற்று. 1913-ல் அமெரிக்காவில் கூட்டம் கூட்டமாக வந்து அவர் பேச்சைக் கேட்டார்கள். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு வகுப்பு நடத்தப்பட்டது. வெளியே ஜனக்கூட்டம் நின்று பார்த்தது. உள்ளே பிள்ளைகள் தம் வேலையைப் பார்த்தார்கள்.

1912-ல் தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு 15 வயது மகன் மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தான். உலகத்துக்கு அவன் வளர்ப்பு மகன், உறவுக்காரப் பையன். அம்மா என்று வெளியில் கூப்பிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பெரும்பாலும் அவன் அவருடனேயே இருந்தான்.

சர்வாதிகாரி முசோலினி 1924 முதல் மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு கொடுத்தார். அதை அம்மையார் ஏற்றுக்கொண்டார். பத்து ஆண்டுகள் அந்த உறவு நீடித்தது. அவர் வாழ்க்கையில் இது ஒரு கறைதான். பிள்ளைகள் ஒழுங்காக இருப்பதைக் கண்டு சர்வாதிகாரி மகிழ்ந்தார். அது கட்டளைக்குப் பணிந்த ஒழுங்கு அல்ல என்பது பிறகுதான் அவருக்கு விளங்கியது போலும். பள்ளிகளைத் தம் கைக்குள் கொண்டுவர அரசாங்கம் முயன்றது. அம்மையார் இணங்கவில்லை. 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கே பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி முன்பே மூடிவிட்டது. பார்சிலோனாவில் குடியிருந்தார். 1936-ல் உள்நாட்டுப் போர் வந்து அங்கிருந்தும் ஓடினார். ஹாலந்தில் தஞ்சம் கிடைத்தது.

அடையாற்றில்

இந்தியாவுக்கு அவர் பெயர் முன்பே தெரியும். குஜராத்தில் பவநகரில் கிஜுபாய் பதேகா 1920-லேயே அம்மையாரின் புத்தகத்தைப் படித்துப் பிள்ளைகள் பள்ளி நடத்தினார். 1931-ல் லண்டனில் காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்தார்.

1939-ம் ஆண்டு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன் பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். வயது 69. கூட மாரியோ. ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் 300 ஆசிரியர்கள் வரை வந்திருந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ வாக்கியம் வாக்கியமாக இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் குதித்தது. இந்தியாவில் இருந்த இத்தாலியர் எல்லோரும் பகை நாட்டார் ஆனார்கள். மாரியோவைப் பிடித்து அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாறு சபை எல்லைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். பிள்ளையைப் பிரிந்து இருந்த பழைய காலம் திரும்பி வந்தது.

ஆகஸ்டு 31-ந்தேதி அம்மையாருக்கு 70 வயது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி. பிறந்த நாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாகச் செய்தி. வளர்ப்பு மகன் என்றோ உறவினர் என்றோ அதில் இல்லை. மகன் என்று இருந்தது. 42 ஆண்டுகள் வெளியில் வராத சொல், வைசிராய் தந்தியில் வந்தது.

1942-ல் இருவரும் கோடைக்கானல் போனார்கள். அங்கே சிறு பள்ளி நடத்தினார்கள். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில். மரம், இலை, பூச்சி எல்லாம் பாடம். கைதிபோல் கட்டுப்பாட்டில் இருந்த கிழவி, பிள்ளைகளை மலைக்காட்டில் அவிழ்த்துவிட்டுப் பாடம் சொன்னார். பெரிய பிள்ளைகளுக்கான அவருடைய பாடமுறை பெரும்பாலும் அங்கேதான் உருவாயிற்று. அகமதாபாத், கராச்சி, பூனா, ஸ்ரீநகர் ஆகிய இடங்களிலும் ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். அவரிடம் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பலர் தங்கள் ஊருக்குப் போய்ச் சிறு பள்ளி வைத்தார்கள்.

விலை உயர்ந்த மரச் சாமான் வாங்க வசதி இல்லை, ஒரு வகுப்பில் 50 பிள்ளைகள், இந்த முறை நமக்கு ஒத்துவராது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் சான் லோரென்சோவிலும் 50 பிள்ளைகளுக்கு மேல். ஆசிரியை ஒருவர்தான்.

1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1947-ல் மறுபடி இந்தியா வந்து இரண்டு ஆண்டுகள் இருந்தார். சமாதான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1952-ம் ஆண்டு மே 6-ந்தேதி, ஹாலந்தில் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் நண்பர் வீட்டில் இருந்தார். வயது 81. ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது பற்றி மகனுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்த வயதில் அவ்வளவு தூரம் வேண்டாமே என்று மகன் யோசித்தார். சற்று நேரத்தில் அம்மையாரின் உயிர் பிரிந்தது. அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் மாரியோவுக்கு எழுதி வைத்திருந்தார். அதில் மாரியோவை மகன் என்றே குறிப்பிட்டிருந்தார். தாயாரின் வேலையை மாரியோ 1982-ல் தாம் இறக்கும் வரை நடத்தி வந்தார்.